ராணுவ லாரியின் அச்சும் ஒரு பிக்கப் வண்டியும்



அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் மகள் வீட்டில் இருந்தபோது ஒரு படம் போட்டிருந்தேன். என் நெஞ்சு உயரத்துக்கு நிற்கும் டயர் ஒன்றின் பக்கத்தில் நான் நிற்கும் படம். "சார், மான்ஸ்டர் டிரக் ஓட்டப் போறீங்களா?" என்று பத்துப் பேராவது கேட்டுவிட்டீர்கள். "மாமா, டிராக்டர் வாங்கிட்டீங்களா?" என்று தங்கை மகன் கேட்டான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத விரலுக்குத் தெம்பில்லை. மொத்தமாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். கணக்கும் வரும். வகுப்பில் கொட்டாவி விட்டவர்கள் இப்போதாவது கவனிக்கவும்.

அந்த வண்டி நம் 1995 பேட்ச் மாணவன் ஒருவனுடையது. பெயரைச் சொன்னால் கூச்சப்படுவான், அதனால் விட்டுவிடுகிறேன். என் மகள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறான். வாரம் முழுவதும் கம்ப்யூட்டர் வேலை. சனி, ஞாயிறு வந்தால் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டில் கையெல்லாம் கிரீஸ். 1980-களில் வந்த பழைய செவர்லே பிக்கப் ஒன்றை வாங்கி, அதன் முன் அச்சையும் பின் அச்சையும் கழற்றிவிட்டு, ராணுவ லாரியின் அச்சுகளை மாட்டிக்கொண்டிருந்தான். சேற்றிலும் பாறையிலும் ஓட்டுவதற்காகவே வண்டியை மாற்றிக் கட்டும் இந்தப் பழக்கம் அங்கே பெரிய கூட்டத்துக்கு உண்டு. அதற்கென்றே தனியார் பூங்காக்கள் இருக்கின்றன. ஜார்ஜியாவின் மண் சிவப்புக் களிமண். மழை பெய்தால் செருப்பைக் கேட்கும் மண்.

அது எந்த ராணுவ லாரி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எம்-35 என்று பெயர். இரண்டரை டன் லாரி என்பார்கள். சாலை இல்லாத இடத்தில் இரண்டரை டன் ஏற்றலாம் என்பது கணக்கு, நல்ல சாலையில் அதைப்போல் இரண்டு மடங்கு. 1950 வாக்கில் அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தது. வியட்நாம் போர்ப் படங்களில் நீங்கள் பார்த்த லாரி பெரும்பாலும் இதுதான். ஆறு இடத்தில் சக்கரம், ஆறுக்கும் இழுவை. பின்னால் இரட்டை டயர் என்பதால் மொத்தம் பத்து டயர். ராணுவம் கழித்துக் கட்டியதும் இவை ஏலத்துக்கு வந்தன. ஒரு லாரியைப் பிரித்தால் முன் அச்சு ஒன்று, பின் அச்சு இரண்டு கிடைக்கும். அச்சு செய்த டிம்கன்-டெட்ராய்ட் நிறுவனம் 1953-ல் ராக்வெல் என்ற பெயருக்குள் போனது. அதனால் இன்றுவரை எல்லோரும் "ராக்வெல் அச்சு" என்றே சொல்கிறார்கள். ஒவ்வொன்றும் ட்ரம், ஹப்போடு சேர்த்து 300 கிலோவுக்கு மேல். அவன் வீட்டில் செயின் பிளாக் போட்டுத்தான் தூக்கினார்கள்.

சரி, ஏன் இந்த வேலை? வண்டியோடு வந்த அச்சுக்கு என்ன கேடு?

எல்லாம் டயரில் ஆரம்பிக்கிறது. சேற்றில் போக டயர் பெரிதாக வேண்டும். அந்த பிக்கப்பில் முன்பு இருந்தது 33 அங்குல டயர். இவன் போட நினைத்தது 44 அங்குலம். விட்டம் 11 அங்குலம் கூடினால் வண்டியின் அடிவயிறு எவ்வளவு உயரும்? 11 என்று கை தூக்காதீர்கள். ஆரம்தான் கணக்கு. அதில் பாதி, ஐந்தரை அங்குலம், கிட்டத்தட்ட 14 சென்டிமீட்டர். சாதாரண அச்சில், தரைக்கும் அச்சுக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் கூட்டப் பெரிய டயர்தான் வழி. பட்டையை உயர்த்தினால் பாடிதான் மேலே போகும், அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும்.

இரண்டாவது லாபம் அழுத்தம். பத்தாம் வகுப்புப் பாடம்: விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம். வண்டி 3000 கிலோ என்று வையுங்கள், ஒரு சக்கரத்துக்கு 750 கிலோ. டயரில் 30 பவுண்டு காற்று இருந்தால் அது தரையைத் தொடும் பரப்பு தோராயமாக 360 சதுர சென்டிமீட்டர். காற்றை 10 பவுண்டுக்கு இறக்கினால் டயர் சப்பையாகி, தொடும் பரப்பு 1000 சதுர சென்டிமீட்டரைத் தாண்டும். அதே எடை மூன்று மடங்கு இடத்தில் பரவுகிறது. ஒட்டகத்தின் பாதம் மணலில் புதையாமல் இருப்பதும் இதே கணக்குதான். பெரிய டயர் என்றால் இப்படிக் காற்றை இறக்கினாலும் ரிம் தரையில் இடிக்காது.

இப்போது இந்த டயர் கேட்கும் விலையைப் பார்ப்போம். திருப்பு விசை என்றால் விசையை ஆரத்தால் பெருக்குவது. கிணற்று ராட்டினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். டயரின் ஆரம் மூன்றில் ஒரு பங்கு கூடினால், தரையில் அதே தள்ளுவிசை வேண்டுமென்றால், உள்ளே இருக்கும் ஷாஃப்ட் மூன்றில் ஒரு பங்கு அதிகமாக முறுக்கப்பட வேண்டும். டயர் இரண்டு கல்லுக்கு நடுவே சிக்கிக்கொண்டால் அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டின் தலையில்தான். சாதாரண பிக்கப்பின் அச்சு அங்கே முறியும். அதனால்தான் இரண்டரை டன் லாரியின் அச்சைத் தேடிப் போகிறார்கள்.

இந்த அச்சின் வேலைப்பாடு அழகானது. சாதாரண வண்டியில் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வந்து ஹவுசிங்கின் நடு மட்டத்திலோ அதற்குக் கீழேயோ நுழையும். இதில் அச்சுக்கு மேலே நுழைகிறது. கல்லும் கட்டையும் அதில் மோதுவது குறைவு. உள்ளே வேகம் ஒரே தடவையில் குறைவதில்லை. முதலில் ஒரு ஜோடிப் பற்சக்கரம், பிறகு இன்னொரு ஜோடி. மொத்தம் 6.72-க்கு 1. அதாவது ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் 6.72 சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. பழைய அச்சில் அது 3.73-க்கு 1.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முறுக்கைப் பெருக்கும் வேலை சங்கிலியின் கடைசியில் நடந்தால், அதற்கு முன்னால் இருக்கும் பாகங்களுக்குச் சுமை குறையும். பெரிய டயருக்காகச் சக்கரத்தில் முறுக்கு மூன்றில் ஒரு பங்கு கூடியும், ப்ரொப்பல்லர் ஷாஃப்டுக்கு வரும் முறுக்கு முன்பு இருந்ததில் முக்கால் பங்குதான். நீங்களே போட்டுப் பாருங்கள்: 3.73-ஐ 6.72-ஆல் வகுத்து, நான்கில் மூன்றின் தலைகீழால் பெருக்குங்கள்.

பதிலுக்கு வேகம் போகும். என்ஜின் 2000 சுற்றில், நேர் கியரில், பழைய அமைப்பில் வண்டி மணிக்குச் சுமார் 85 கிலோமீட்டர் போகும். புதிய அமைப்பில் 63 கிலோமீட்டர்தான். எம்-35 லாரியின் உச்ச வேகமே மணிக்கு 90 கிலோமீட்டர் அளவில்தான். ஒன்றைக் கொடுக்காமல் இன்னொன்றை வாங்க இயற்கையிடம் முடியாது.

இந்த ராணுவ அச்சுகளைக் கொண்டு உலகத்தையே வேடிக்கை பார்க்க வைத்த ஒருவர் உண்டு. மிசௌரி மாநிலம் செயின்ட் லூயிஸ் பக்கத்தைச் சேர்ந்த பாப் சேண்ட்லர். 1970-களில் தன் ஃபோர்டு பிக்கப்பில் ராணுவ அச்சும் பெரிய டயரும் மாட்டி, "பிக்ஃபுட்" என்று பெயர் வைத்து, 1981-ல் ஒரு வயல்வெளியில் பழைய கார்களின் மேல் ஏற்றி நசுக்கிக் காட்டினார். பிறகு 66 அங்குல டயருக்குப் போனார். டிவியில் நீங்கள் பார்க்கும் மான்ஸ்டர் டிரக் எல்லாம் அதன் வாரிசுகள்.

இதுவரை சொன்னது பலத்தின் கதை. நான் எழுத உட்கார்ந்தது இனிமேல் வருவதற்காக.

போன வருடம் நான் முதல் முறை அவன் வீட்டுக்குப் போனபோது, சாப்பாடு பரிமாறிக்கொண்டே அவன் மனைவி சொன்னாள்: "சார், அந்த வண்டியில பையனையும் கூட்டிட்டுப் போறேன்கிறார். பார்க் இங்கேருந்து 30 மைல். ரோட்டுலயே ஓட்டிட்டுப் போய்டலாம்கிறார். எனக்கு வயித்துல புளியைக் கரைக்குது. நீங்க சொன்னா கேப்பார்."

மகனுக்கு 16 வயது. அப்பாவுக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பதே அவனுக்குச் சந்தோஷம். வேண்டாம் என்று சொல்ல நான் யார்? 50 வயதை நெருங்கும் மனிதனிடம் வாத்தியார் கட்டளை செல்லாது. கேள்வி கேட்கலாம், அவ்வளவுதான். சாப்பிட்டதும் ஷெட்டுக்குப் போனோம். "பிரேக் எங்கப்பா?" என்று கேட்டேன்.

காட்டினான். லாரியோடு வந்த பெரிய ட்ரம்களை எடை குறைப்பதற்காகக் கழற்றி எறிந்திருந்தான். அதற்குப் பதில், ஒவ்வொரு அச்சிலும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நுழையும் இடத்தில், பினியன் தலையில் ஒரு சிறிய டிஸ்க். இதைப் பினியன் பிரேக் என்கிறார்கள். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து இரண்டே டிஸ்க். "சார், இங்க பிடிச்சா 6.72 மடங்கு சக்தி சார். சின்ன கேலிப்பரே போதும். சேறும் படாது" என்றான். அவன் சொன்னது முழுக்கச் சரி. சேற்றில் மாடு நடக்கும் வேகத்தில் போகும் வண்டிக்கு அது நல்ல பிரேக்தான். பலரும் அப்படித்தான் போடுகிறார்கள்.

"சாலையில் 80-ல் போகும்போது?" என்றேன்.

ஷெட் சுவரில் ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. பையனைக் கூப்பிட்டு மார்க்கரைக் கையில் கொடுத்தேன். 3000 கிலோ, மணிக்கு 80 கிலோமீட்டர், இயக்க ஆற்றல் எவ்வளவு? பையன் நன்றாகப் போட்டான். 80-ஐ வினாடிக்கு 22.2 மீட்டர் என்று மாற்றி, வர்க்கப்படுத்தி, பாதி நிறையால் பெருக்கினான். சுமார் 7 லட்சத்து 40 ஆயிரம் ஜூல். வண்டியை நிறுத்துவது என்றால் இவ்வளவையும் வெப்பமாக்குவது. பிரேக்குக்கு வேறு மந்திரம் கிடையாது. கியர் விகிதம் விசையைப் பெருக்கும், ஆற்றலை ஒரு ஜூல்கூடக் குறைக்காது. விசை ஆறு மடங்கு என்றால் அந்த டிஸ்க் ஆறு மடங்கு வேகமாகவும் சுற்றுகிறது.

அடுத்து டிஸ்க். ஒன்று 5 கிலோ என்று வைத்தால் இரண்டும் 10 கிலோ. இரும்பின் தன்வெப்பம் சுமார் 460. வெப்பம் முழுவதும் டிஸ்க்கிலேயே தங்கினால் ஒரே நிறுத்தத்தில் வெப்பநிலை 160 டிகிரி ஏறும். சரிவில் மூன்று நான்கு முறை அடுத்தடுத்து மிதித்தால்? பையன் பெருக்கிக்கொண்டே போனான், எழுதுவதை நிறுத்தி அப்பாவைப் பார்த்தான். பிரேக் பேடு சூடேறினால் பிடிப்பு போகும். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் தரை வரை போகும். அதே வண்டிக்கு நான்கு சக்கரத்திலும் 10 கிலோ டிஸ்க் என்றால் ஏறுவது 40 டிகிரிதான்.

"இன்னொன்று சொல்" என்றேன் அவனிடம். "பினியனில் பிடிக்கும் பிரேக் சக்கரம் வரை எப்படிப் போகிறது?"

யோசித்துச் சொன்னான்: "பினியன், கிரவுன், டிஃபரன்ஷியல், அப்புறம் ஷாஃப்ட்."

"அதில் ஒரு ஷாஃப்ட் முறிந்தால்?"

அவனுக்குப் புரிந்துவிட்டது. சாதாரண டிஃபரன்ஷியலாக இருந்தால், ஒரு பக்கம் முறிந்த உடனே அந்த அச்சின் இரண்டு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. முறிந்த பக்கம் சும்மா சுற்றும், மறுபக்கம் தன் போக்கில் உருளும். இழுக்கும் உறுப்பும் நிறுத்தும் உறுப்பும் ஒன்றே என்றால், அது உடையும் நேரத்தில் இரண்டும் சேர்ந்தே போகும்.

டயர் வேறு இருக்கிறது. 44 அங்குல டயர் ஒன்று பழையதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு எடை, ஆரம் மூன்றில் ஒரு பங்கு அதிகம். சுற்றும் பொருளின் நிலைமத் திருப்புத்திறன் ஆரத்தின் வர்க்கத்தோடு கூடும். இரண்டைப் பதினாறில் ஒன்பதின் தலைகீழால் பெருக்குங்கள். மூன்றரை மடங்கு. சுற்ற வைப்பதும் கஷ்டம், நிறுத்துவதும் கஷ்டம்.

அன்று அவனிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஒரு பாகத்தை மூன்று மடங்கு பலமாக்கினால் பலவீனம் ஒழிந்துபோவதில்லை. எழுந்து அடுத்த வீட்டுக்குப் போகிறது. முன்பு அது ஷாஃப்டில் இருந்தது. முறிந்தால் வண்டி சேற்றில் நிற்கும், மானம் போகும், உயிர் போகாது. இப்போது ஷாஃப்ட் பலமாகிவிட்டது. பலவீனம் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் போய்விட்டது. அங்கே உடைந்தால் சேற்றில் உடையாது, எதிரே ஒரு குடும்பம் வரும் சாலையில் உடையும்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. கோபம் என்று நினைத்தேன். பிறகு, "அப்ப எல்லாம் வேஸ்டா சார்?" என்றான்.

"அச்சு வேஸ்ட் இல்லப்பா. அடுத்து எது உடையணும்னு நீயே முடிவு பண்ணு. அது கைக்கு எட்டுற இடத்துல, உயிருக்கு ஆபத்தில்லாததா இருக்கட்டும்" என்றேன்.

ஃபியூஸ் ஒயரின் பாடமும் இதுதான். வீட்டில் மிக மெல்லிய கம்பியை வேண்டுமென்றே ஓரிடத்தில் வைக்கிறோம், டிவி எரிவதற்குப் பதில் அது எரியட்டும் என்று.

நம் முன்னோர்களுக்கும் இது தெரியும். புறநானூற்றில் ஔவையார் பாட்டு ஒன்றில் உப்பு வணிகர்களின் வண்டி வருகிறது. மேடு பள்ளத்தில் என்ன நேருமோ என்று, வண்டிக்குக் கீழே இன்னொரு அச்சைக் கட்டிக்கொண்டு போவார்களாம். சேம அச்சு என்று அதற்குப் பெயர். ஔவை ஒரு தலைவனை அந்தச் சேம அச்சுக்கு ஒப்பிடுகிறார். உடையாத அச்சு என்று ஒன்று இல்லை என்பதை ஒப்புக்கொண்டவர்களுக்குத்தான் சேம அச்சு தோன்றும். இதை அவன் மகனுக்குச் சொன்னேன். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும் அவனுக்கு, ஆனாலும் "சேம அச்சு" என்ற சொல்லை மார்க்கரால் பலகையில் எழுதிவைத்தான். தமிழ் எழுத்தில்தான்.

இந்த வருடம் மறுபடி போனபோது வண்டி தயாராகியிருந்தது. நான்கு சக்கரத்திலும் பெரிய டிஸ்க், ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனி பிரேக் லைன். இதற்காக ஒரு சீசன் முழுக்கக் காத்திருந்து பணம் சேர்த்திருக்கிறான். அதற்குமேல் இன்னொரு முடிவும் எடுத்திருந்தான். சாலையில் ஓட்டுவதே இல்லை, பூங்கா வரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவது என்று. ஸ்டியரிங் முழுவதும் ஹைட்ராலிக். சக்கரத்துக்கும் கையில் பிடிக்கும் வளையத்துக்கும் நடுவே இரும்புத் தொடர்பே கிடையாது, குழாயில் ஓடும் எண்ணெய்தான். ஒரு குழாய் வெடித்தால் திருப்ப முடியாது. மெதுவாகப் போகும் சேற்றுக்கு அது போதும், நெடுஞ்சாலைக்குப் போதாது. அதை அவனாகவே யோசித்து முடிவெடுத்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

பூங்காவில் நானும் ஒரு சுற்று ஏறினேன், ஹெல்மெட்டும் நான்கு பட்டை பெல்ட்டுமாக. இடுப்பளவு சேற்றில் வண்டி யானை போல் அசைந்து அசைந்து போனது. இரண்டாவது சுற்றில், அப்பாவும் மகனும் இருந்தபோது, "டங்" என்று ஒரு சத்தம். ப்ரொப்பல்லர் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்ட் உடைந்துவிட்டது. உடைய வேண்டும் என்று அவர்களே விட்டுவைத்த இடம். பையன் கீழே படுத்து, கொண்டுவந்திருந்த புதிய ஜாயிண்டை மாட்டினான். அரை மணி நேரத்தில் வண்டி கிளம்பியது. அவன் அம்மா கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயம் இல்லை. பையனின் சட்டையைப் பற்றித்தான் கவலை.

என் பிள்ளைகளில் பலர் இப்போது வீடு கட்டுகிறீர்கள், கடன் வாங்குகிறீர்கள், தொழில் தொடங்குகிறீர்கள். ஒரு பக்கம் பெரிதாக்கும்போது ஒரு நிமிஷம் நின்று, "இனி எது உடையும்?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். பதில் கிடைக்காமல் மேலே கட்டாதீர்கள்.

வீட்டுப்பாடம்: 54 அங்குல டயர், அதே 6.72 விகிதம், என்ஜின் 2000 சுற்று, நேர் கியர். வண்டியின் வேகம் எவ்வளவு? கால்குலேட்டர் அனுமதி உண்டு. கமெண்டில் வழிமுறையோடு எழுதுங்கள். வெறும் விடைக்கு மதிப்பெண் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் அறிவியல் வாத்தியார்